கிப்லாப் பக்கம் திருப்பிய பைப்

எங்கள் ஊர்க் குழாய்வேலைக்காரர்கள் ஒரு ஆண்டு மலர் வெளியிடுகிறார்களாம். கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் குழாயும் பசை டப்பாவும் வந்த பிறகு தொழிலுக்கு வந்தவர்கள். தேநீர் குடித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அங்கிள், ஒங்க சர்வீஸ்லயே ஆகக் கஷ்டமான வேல எதுங்க?"

எல்கடுவ மலையுச்சியிலிருந்து துரை பங்களாவுக்குக் குழாய் இறக்கியதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"ஒரு வோஷர் மாத்தினது" என்றேன்.

சிரித்தார்கள். "அந்த வோஷர நான் கையால தொடல்ல. அந்தப் பைப்ப இன்னைக்கு வரைக்கும் பார்த்ததும் இல்ல" என்றதும் சிரிப்பு நின்றது. வயதாகிவிட்டதே என்று இருவரும் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆகவே எழுதிவிடுவது நல்லது.

எழுபத்து மூன்றின் கடைசியில் நடந்தது. என் மனைவி ஸ்டெல்லா எழுபத்து நாலின் தொடக்கம் என்பாள். திகதி விஷயத்தில் நான் எளிதில் விட்டுக்கொடுப்பவன் அல்ல. பழைய பத்திரிகைகளையும் சரித்திர நூல்களையும் கரைத்துக் குடித்தவன். ஆனால் மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றதை அவள் ஆதாரமாகக் காட்டுகிறாள். அதற்கு எதிராக வழக்காட எந்தச் சரித்திர நூலும் எனக்குத் துணைக்கு வராது. இரண்டில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் படித்த கதை சிறியது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து மாத்தளை டவுனுக்கு வந்து மஜீது முதலாளியிடம் சேர்ந்தேன். முதல் வருடம் குழாய் சுமந்தேன். இரண்டாவது வருடம் குழாய் வெட்டினேன். மூன்றாவது வருடம் "சூசை பாஸ்" ஆனேன், இங்கே தொழில் தெரிந்தவருக்கு அதுதான் பட்டம். அவ்வளவுதான். முதலாளியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மஜீது முதலாளி ஏணியில் ஏறமாட்டார், ஏணி பிடிப்பார். பிடித்துக்கொண்டே கீழிருந்து கட்டளை போடுவார். ஒழுகும் பைப்பின் முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் போல நிற்பார். பிறகு மெல்லிய குரலில் கேட்பார்.

"எப்பத்தில இருந்து?"

"இப்ப ஒரு ரெண்டு மூணு நாளாத்தான் முதலாளி."

எந்த வீட்டிலும் இதுதான் பதில். முதலாளி குனிந்து, பைப்புக்குக் கீழே சிமெந்தில் படர்ந்திருக்கும் பச்சையை விரலால் தொட்டுக் காட்டுவார். "ரெண்டு நாள்ல பாசி புடிக்காது மகள். பாசிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவர் சொல்லித்தந்த முறைகள் இன்றைக்கும் பிழைக்காதவை. வீட்டிலுள்ள எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பார். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. கக்கூஸ் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரை. யாரும் தண்ணீர் ஊற்றாமலே கோப்பை நீலமானால் தொட்டி ஒழுகுகிறது. ஈரம் தெரியும் இடத்தை நம்பாதே. தண்ணீர் குழாயின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடந்துபோய்த்தான் கீழே விழும். உள்ளங்கையைக் குழாயின் அடிப்பக்கத்தில் வைத்து மேல்நோக்கிப் போ, ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நில். சுவருக்குள் இருந்தால் திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்துப் பிடியைக் காதில் வை. நல்ல குழாய் பேசாது. ஒழுகும் குழாய் சீறும்.

பிற்காலத்தில் நானாகக் கண்டுபிடித்த முறை ஒன்றும் உண்டு. வீதிக்கு வீதி சோதனை வந்த வருடங்களில் தோளில் இரும்புக் குழாயோடு நடந்துபோவது உசிதமில்லை. ஒருமுறை நாலந்தாப் பக்கம், மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்த சிப்பாய் ஒருவர் என்னைத் தூரத்தில் கண்டதும் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். நான் வீதியில் உட்கார்ந்துவிட்டேன். இருவரும் எழும்ப வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகு குழாயின் நுனியில் ஒரு எல்போ வளைவைப் பூட்டித்தான் தோளில் வைப்பேன். முனை வளைந்த துவக்கு உலகத்தில் இல்லை.

அந்த நாலந்தாவில்தான், நீர்த்தேக்கத்துக்கு வழிவிட்டுப் பழைய கற்கோயிலையே கல் கல்லாகக் கழற்றி மேட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள். தண்ணீர் வருகிறது என்றால் கற்கோயிலே எழுந்து நடக்கிறது. நம் வீட்டுச் சுவர் எம்மாத்திரம்? ஆனாலும் கூரை ஒழுகினால் ஏணி தேடும் மனிதர்கள் பைப் ஒழுகினால் வாளிதான் தேடுகிறார்கள். அந்த வாளியில் விழும் 'டொக் டொக்' தூங்கவிடாதபோதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அப்போதும் நிறுத்துவது ஒழுக்கை அல்ல, சத்தத்தை. வாளிக்குள் துணி போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். காதுக்குள் பஞ்சு வைத்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரைக் கண்டிருக்கிறேன். எல்லாரையும் தோற்கடித்தவர் சலீம் நானா.

சலீம் நானா கராம்பும் மிளகும் வாங்கி விற்றவர். கீழே கடை, மேலே வீடு. மாடிக் குளியலறைப் பைப் சொட்டத் தொடங்கியபோது அவர் பைப்பின் வாயில் ஒரு நூலைக் கட்டி, மறுநுனியை மூலையிலிருந்த தண்ணீர் போகும் துவாரத்துக்குள் விட்டார். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம்: "பார்த்தீங்களா, எங்கட வீட்டுத் தண்ணி பூன மாதிரிப் போகுது." நாளாவட்டத்தில் நூல் தளர்ந்து சுவரில் சாய்ந்தது. பூனை சுவருக்குள் போனது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் சத்தம் இல்லை.

அப்படியிருக்கையில் சலீம் நானா திடீரென்று மவுத்தானார். கடை பூட்டப்பட்டது. அவருடைய மனைவி நபீசா இத்தா இருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும். மாமியாரைத் தெருவே மாமி என்றுதான் அழைக்கும். மஜீது முதலாளிகூட அவருக்குப் பயந்தவர்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த சில நாட்களில் மாமி ஆளனுப்பினார். பூட்டிய கடையைத் திறந்து உள்ளே போனோம். முதலாளி சுவரில் கைவைத்தார். கை வைத்த இடத்தில் சுண்ணாம்பு தோசைபோலக் கழன்று அவருடைய தொப்பியில் விழுந்தது. களிமண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர். நடுவில் வயிறு தள்ளி நின்றது.

"சூசை, இந்தச் சுவத்து மேலதானே மாடி நிக்கிது?"

"ஆமாங்க முதலாளி."

"அப்ப நாம ஏன் இதுக்குக் கீழ நிக்கிற?"

வெளியே வந்து பேசினோம். நிலைமை இதுதான். வோஷர் மாற்றினால் ஒழுக்கு நிற்கும். நின்றால் சுவர் காயும். விட்டால், அடுத்த பெரிய மழைக்கு முன்னால் சுவர் இறங்கும், மாடியும் இறங்கும். இத்தாவின் நடுவில் அந்தப் பெண் தெருவில் நிற்க வேண்டும், அதுவும் உயிர் தப்பினால். அவர் வெளியே வரமுடியாது, நான் உள்ளே போகமுடியாது, சுவர் காத்திருக்காது.

முதலாளி பள்ளிக்குப் போய் மௌலவியைக் கேட்டு வந்தார். அவசரத்துக்குத் தோஷமில்லை, நடுவில் ஒரு திரை போட்டால் போதும், வேலைக்காரர் வந்து போகட்டும் என்று மௌலவி சொல்லிவிட்டார். மௌலவி அனுமதித்தார், மாமி அனுமதிக்கவில்லை.

"மௌலவிக்கு எங்கட மாடி தெரியுமா?" என்று படிக்கட்டின் மேலிருந்து குரல் வந்தது. "மேல இரிக்கிறது ஒரே ஒரு அறை. படி ஏறினா அறை, அறை தாண்டினாக் குளியலறை. திரை போட்டு மருமகள எங்க நிப்பாட்டுற, கூரையிலயா?"

"கீழ கடைக்குள்ள கொஞ்ச நேரம்..." என்று முதலாளி இழுத்தார்.

"விழப்போற சுவத்துக்குக் கீழயா? நல்ல யோசன மஜீது. ஒன்ட வாப்பாவும் இப்படித்தான் யோசிப்பாரு."

"அப்ப நீங்களே மாத்துங்க மாமி."

"எனக்குக் கை நடுங்குது. மருமகள் மாத்துவா. ஒன்ட பாஸ வெளியில நின்டு சொல்லித்தரச் சொல்லு."

இப்படித்தான் நான் அந்த வீட்டின் பின்னாலிருந்த குறுகிய ஒழுங்கையில், குளியலறையின் வெளிச்சுவரில் ஏணி சாய்த்து நின்றேன். தண்ணீர்த் தாங்கி கூரையில் இருந்ததால் அதன் வால்வை நானே மூடிவிட்டேன். அதை மூடியே வைத்தாலும் ஒழுக்கு நிற்கும், ஆனால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. தாங்கியிலிருந்து வெளிச்சுவரோடு இறங்கிய குழாய் எனக்குப் பக்கத்தில்தான் சுவருக்குள் நுழைந்தது. சுவரில் என் முகத்துக்கு நேராகக் காற்றுப் போக ஒரு துவாரம். உட்பக்கம் மாமி முக்காலியில் உட்கார்ந்து அந்தத் துவாரத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார். கூடையில் கயிறு கட்டி முன்பக்க ஜன்னல் வழியாக ஸ்பானர் மேலே போயிற்று. அது வெளிநாட்டுச் சாமான்கள் தடையில்லாமல் வந்த காலத்து ஸ்பானர். தொலைந்தால் இன்னொன்று கிடைக்காது. "மாமி, ஸ்பானர் பத்திரம்" என்று முதலாளி கூடையோடு சேர்த்து ஒரு சலாமும் அனுப்பினார்.

மருமகளின் குரலும் எனக்குக் கேட்கக்கூடாது என்பது மாமியின் அடுத்த தீர்ப்பு. "அவங்க என்ன செய்றாங்கன்னு நீங்களாவது சொல்வீங்களா மாமி?" என்றேன்.

"நான் என்ன ஒன்ட டெலிபோனா? நான் ஓட்டையப் பார்த்துக்கிட்டு இரிக்கிறன்."

ஆகவே குழாயில் தட்டச் சொன்னேன். ஒரு தட்டு, செய்தாயிற்று. இரண்டு தட்டு, முடியவில்லை. திருப்புளியைக் குழாயில் வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டு தொடங்கினேன்.

"ஸ்பானர பைப் தலையில மாட்டி இடப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

இரண்டு தட்டு.

"கொஞ்சம் பலமா."

இரண்டு தட்டு, இன்னும் பலமாக.

"எண்ணெய் ஊத்தச் சொல்லு!" என்றார் கீழிருந்து முதலாளி. எண்ணெய் ஊற்றினார்கள். இரண்டு தட்டு. ஒழுங்கை வழியாக வந்த தையல்கடைச் சிங்கள மாத்தையா நின்று பார்த்துவிட்டு, "சூசை, பித்தியத் எக்கத கதா கரன்னே?" என்று கேட்டார். சுவரோடா பேசுகிறாய் என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அவர் போகவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த தள்ளில் திருப்புளி வழியாக ஒரு முனகல் கேட்டது. சுவருக்குள்ளே துருப்பிடித்த குழாய் முறுக்குகிறது. முறிந்தால் வோஷர் அல்ல, சுவரையே உடைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அந்தச் சுவரை உடைப்பதும் வீட்டை உடைப்பதும் ஒன்று. "நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

மூன்று தட்டு.

"மாமி, மூணு தட்டு நாம பேசல்லையே. என்ன அர்த்தம்?"

உள்ளே ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு மாமி, "நீ பிழையாச் சொல்றியாம்" என்றார்.

"நானா?"

"நீ சுவத்துக்கு அங்கால நிக்கிற. ஒன்ட இடது அவக்கு வலதாம். இவ்வளவு நேரமும் கழட்டச் சொல்லி இறுக்க வச்சிருக்கிறியாம்."

ஏணியில் நின்றபடி இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தேன். சுவருக்குள்ளே இருக்கும் பைப்பை மனதில் பார்த்துப் பார்த்து, முதுகுப் பக்கமாக நின்று வழி சொல்லியிருக்கிறேன். "சரிங்க, அப்ப வலப் பக்கம்" என்றேன்.

"யாருட வலது?" என்றார் மாமி.

"அவங்க வலது."

"அவ வலதா, நீ நினைக்கிற அவ வலதா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கீழே தையல்கடைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் திருப்பி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு பக்கமும் சேரவில்லை. அவருக்கு இடது கையில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

"இந்த வீட்டுல இடதும் வேணாம், வலதும் வேணாம்!" என்று மாமி முடிவு கட்டினார். "அளந்து பார்த்துக் கட்டின வீடு. கிப்லாப் பக்கமா, மலைப் பக்கமா? அதச் சொல்லு."

அறிவாளி. தொழுகைக்குத் திரும்பும் கிப்லா அந்த வீட்டில் எல்லாருக்கும் கண்மூடித் தெரியும். சுவருக்கு எந்தப் பக்கம் நின்றாலும் அது மாறாது. ஒரே ஒரு குறை. நான் கத்தோலிக்கன். எங்கள் கோயிலில் பீடம் எந்தத் திசை என்று கேட்டால் 'முன்னால்' என்பேன்.

"முதலாளி, கிப்லா எந்தப் பக்கங்க?"

மார்க்க சம்பந்தமான கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி ஏணியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஏணி சறுக்கியது. நான் எட்டிக் குழாயைப் பிடித்துத் தொங்கினேன். எந்தக் குழாயைக் காப்பாற்ற வந்தேனோ, அதே குழாய்.

உள்ளே மூன்று தட்டு.

"என்ன செய்றாய் என்டு கேக்கிறா" என்றார் மாமி.

"ஒன்னுமில்லீங்க மாமி. கிப்லா தெரிஞ்சிருச்சு. கிப்லாப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

ஒரே தள்ளு. ஒரே தட்டு. நான் மறுபடியும் ஏணியில் கால் வைப்பதற்குள் பைப்பின் தலை கழன்றுவிட்டது.

இனி வோஷர். இறக்குமதி நின்றுபோன காலம். கடையில் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் சைக்கிள் டியூப்பில் வெட்டியதைத்தான் போட்டோம். கூடையில் அனுப்பியதைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தட்டு. பழைய பைப், ஆழம் கூட, டியூப் மெல்லிசு.

"தடிப்பான றப்பர் வேணும் மாமி. பழைய றப்பர் செருப்பு ஏதும் இருக்குதுங்களா? ஆம்புளைங்க செருப்புன்னா நல்லம், குதிப் பக்கம் தடிப்பா இருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் இருக்கக்கூடிய ஆண் செருப்பு ஒன்றே ஒன்றுதான். கீழே பார்த்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். துவாரத்தில் முந்தானை அசைந்தது.

"வேணாங்க மாமி. நான் வேற எங்கயாவது..."

"இரி."

வெகுநேரம் கழித்துக் குழாயில் ஒரு தட்டு. மெதுவான தட்டு.

"எடுத்து வந்திட்டா" என்றார் மாமி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "வெட்டட்டும். அவன்தானே நூலக் கட்டினான். அவனே வந்து அடைக்கட்டும்."

பழைய வோஷரை மேலே வைத்துப் பென்சிலால் சுற்றிவர வரைந்து, அந்தக் கோட்டுக்கு வெளியே வெட்டச் சொன்னேன். நடுவில் ஊசியைச் சூடாக்கித் துளை போடச் சொன்னேன். வோஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, திருகாணியில் கொஞ்சம் வாஸ்லின் தடவி, தலையை விரலாலேயே முதலில் பூட்டி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் மலைப் பக்கம் இறுக்கச் சொன்னேன். போதும் என்று தோன்றும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொன்னேன். இளைஞர்கள் கவனிக்க: வோஷரைக் கெடுப்பது பழசானது அல்ல, மேலும் மேலும் இறுக்குவதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு வந்தது. இரண்டு தட்டு ஒருமுறைகூட வரவில்லை. நூலை அறுத்து எறியச் சொன்னபோது, நான் சொல்லி முடிக்கும் முன்பே தட்டு விழுந்துவிட்டது.

கூரைக்கு ஏறித் தாங்கியின் வால்வைத் திறந்தேன். இறங்கிவந்து திருப்புளியைக் குழாயில் வைத்துக் காதைக் கொடுத்தேன். தண்ணீர் ஓடிவந்து நிறைந்தது. நின்றது. சீறல் இல்லை. கீழே கடைக்குள் போன முதலாளி, வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டிச் சுவரைத் தொட்டுவிட்டு, "நிக்கிது, நிக்கிது" என்று வந்தார். அந்தச் சுவர் காய ஒரு மாதம் பிடித்தது. இரண்டு தூண் கொடுத்துக் கடைக்குள் தாங்கினோம். இத்தா முடியும்வரை அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை.

ஆனால் அன்றைக்கு, காதைக் குழாயில் வைத்தபடி நான் கடைசித் தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. ஒரு தட்டு. முடிந்தது என்று திருப்புளியை எடுக்கப்போனேன். இன்னொன்று வந்தது. பிறகு மூன்று. பிறகு சின்னதும் பெரியதுமாக, பெருநாளைக்குப் பெண்கள் கூடி உட்கார்ந்து றபான் மேளம் அடிப்பதுபோல, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. குழாய் முழுக்கத் தாளம். தையல்கடை மாத்தையா தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"மாமி, இதுக்கு என்ன அர்த்தங்க? ஏதாவது பிழையா?"

"ஒன்னுமில்ல தம்பி. சும்மா தட்டுறா" என்றார் மாமி. "மவுத்தான நாள்ல இருந்து இந்தப் புள்ள வாய் தொறந்து அழல்ல. ஒரு சத்தம் போடல்ல."

கீழிருந்து முதலாளி கழுத்தை நிமிர்த்தினார். "மாமி! அது வெளிநாட்டு ஸ்பானர்! அடி பட்டா வாய் போயிரும், கூடைல போட்டு அனுப்பச் சொல்லுங்க!"

"அனுப்புறன், பொறு மஜீது" என்றார் மாமி. "இன்னம் கொஞ்சம் தட்டட்டும்."